மூச்சும் முதுகும்: உதரவிதானத்தைக் கையால் தளர்த்தும் முறை

கீழ்முதுகு பிடித்துக்கொண்டால் வலிக்கிற இடத்தைத் தேய்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. தைலம் பூசுகிறோம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம், வீட்டில் யாரையாவது அழுத்திவிடச் சொல்கிறோம். கொஞ்ச நேரம் சுகமாக இருக்கிறது. மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே இறுக்கம். இப்படித் திரும்பத் திரும்ப வரும் பிடிப்பில், இறுகிய தசையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேலே விலாக்கூடு எப்படி அசைகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

உதரவிதானத்துக்கும் கீழ்முதுகுக்கும் உள்ள தொடர்பு, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அதைக் கையால் தளர்த்தும் விதம், வீட்டில் நீங்களே செய்யக்கூடியவை, யாருக்கு இது கூடாது என்பவை இந்த அத்தியாயத்தில் வருகின்றன. சிகிச்சையாளரின் கை சிறிது நேரத்துக்குத் தளர்வைத் தரும். அந்தத் தளர்வை நிலைக்க வைப்பது உங்கள் மூச்சும் நடையும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உதரவிதானம் எங்கே இருக்கிறது?

நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரித்து நிற்கும் மெல்லிய தசை உதரவிதானம். கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற வடிவம். முன்பக்கம் நெஞ்செலும்பின் கீழ்நுனியிலும், பக்கவாட்டில் கடைசி 6 விலா எலும்புகளின் உட்புறத்திலும் அதன் விளிம்பு பற்றியிருக்கிறது.

முதுகுவலிக்காரர்கள் கவனிக்க வேண்டியது பின்பக்கத்தை. அங்கே இரண்டு தசைக் கால்கள் கீழே இறங்கி, இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளின் முன்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வலது கால் மேலிருந்து 3 எலும்புகளையும், இடது கால் 2 எலும்புகளையும் பற்றியிருக்கும். நீங்கள் விடும் ஒவ்வொரு மூச்சும் உங்கள் கீழ்முதுகெலும்போடு நேரடியாகத் தொடர்புடையது என்பதற்கு இந்த இணைப்பே சாட்சி.

இந்தக் கால்களுக்குப் பக்கத்தில் இரு புறமும் நார்களால் ஆன வளைவுகள் உண்டு. உள்வளைவுக்கு அடியில் நுழைந்து செல்வது சோயாஸ் தசை. முதுகெலும்பிலிருந்து தொடை எலும்புக்குப் போய், தொடையைத் தூக்க உதவுவது அது. வெளிவளைவுக்கு அடியில் இருப்பது குவாட்ரேட்டஸ் லம்போரம் தசை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் இடையே, இடுப்பில் கை ஊன்றி நிற்கும்போது கட்டைவிரல் படுகிற இடத்தில், ஆழத்தில் இருக்கிறது. குனிந்து நிமிரும்போது ‘சுரீர்’ என்று பிடித்துக்கொள்கிற இறுக்கத்தில் பல நேரம் இந்தத் தசைக்குப் பங்கு உண்டு.

மூச்சுத் தசை முதுகையும் தாங்குகிறது

மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது. சாதாரண மூச்சில் 1 முதல் 2 சென்டிமீட்டர். ஆழ்ந்த மூச்சில் அதைவிடப் பல மடங்கு. அது இறங்கும்போது வயிற்றறைக்குள் அழுத்தம் கூடுகிறது. சுற்றிலும் வயிற்றுத் தசைகளும், அடியில் இடுப்புத் தளத் தசைகளும் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. இந்த அழுத்தம் முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு தாங்கலைத் தருகிறது. கனமான குடத்தைத் தூக்குமுன் நாம் அறியாமலே மூச்சைக் கட்டுவது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நிற்கும் ஒருவர் கையைச் சட்டென்று தூக்கும்போது, தோள் தசை வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உதரவிதானம் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. உடல் நிலைகுலையாமல் இருக்க அது முன்கூட்டியே தயாராகிறது. பிறகு நடந்த ஆய்வுகளில், மூச்சு வாங்கும் அளவுக்குச் சுவாசத் தேவை கூடும்போது இந்தத் தாங்கும் வேலை குறைவதும் தெரியவந்தது. செக் நாட்டைச் சேர்ந்த பாவெல் கோலார் குழுவினர் எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவும் இதோடு ஒத்துப்போகிறது. கை கால்களால் விசைகொடுத்துத் தள்ளும்போது, நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களின் உதரவிதானம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே இறங்கியது.

அன்றாட வாழ்வில் இது எப்படிக் கெடுகிறது? நாற்காலியில் கூன்போட்டு உட்கார்ந்தால் விலாக்கூடு வயிற்றின்மேல் அமுங்குகிறது. வயிற்றை எப்போதும் உள்ளே எக்கிவைத்திருப்பவர்களுக்கு உதரவிதானம் இறங்க இடம் கிடைப்பதில்லை. மூச்சு மேலே ஏறி, கழுத்துத் தசைகளும் தோள்களும் அந்த வேலையைச் செய்கின்றன. முதுகு ஏற்கனவே வலித்தால், அசைந்தால் வலிக்குமோ என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டே எழுகிறோம், உட்காருகிறோம். முன்பக்கத் தாங்கல் சரியாகக் கிடைக்காதபோது, முதுகின் இரு பக்கமும் ஓடும் நீள்தசைகளும் குவாட்ரேட்டஸ் லம்போரமும் ஓய்வில்லாமல் விறைத்து நிற்கின்றன. வலி மூச்சைக் கெடுக்கிறது. கெட்ட மூச்சு இறுக்கத்தைக் கூட்டுகிறது. எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்தும் இந்தச் சுற்றை அவிழ்க்கத் தொடங்கலாம்.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

கீழ்முதுகு வலிகளில் மிகப் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. இருந்தாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தேய்ப்பது, அழுத்துவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

• சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் நிற்பது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழப்பது. இவை அவசர நிலை. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.
• காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது.
• விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி. எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்களுக்குச் சிறு சறுக்கல்கூடக் கணக்கில் வரும்.
• நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு வரும் வலி.
• விலாவின் பின்புறத்திலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் கடும் வலி. சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்.
• 45 வயதுக்கு முன் தொடங்கி, 3 மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரைமணி நேரத்துக்கும் மேல் விறைப்பாக இருந்து, நடமாடினால் குறைகிற வலி. மூட்டுவாத மருத்துவர் பார்க்க வேண்டிய அழற்சி நோயாக இது இருக்கக்கூடும். அந்த நோயில் மார்பு விரிவதும் குறையும் என்பதால், மூச்சுப் பயிற்சி போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

உதரவிதானத்தின் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்பு வேர்களிலிருந்து வருகிறது. அதனால் ஈரல், பித்தப்பைக் கோளாறுகள் சில நேரம் தோள்பட்டை வலியாகத் தலைகாட்டும். வயிற்றுவலியும் தோள்வலியும் சேர்ந்து வந்தால், அதைத் தசைப்பிடிப்பு என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

விலாவின் கீழ் விளிம்பில் கை வைத்துச் செய்யும் சிகிச்சை கர்ப்பிணிகளுக்கும், அண்மையில் வயிற்றிலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், விலா முறிந்தவர்களுக்கும், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவர்களுக்கும், ஈரலோ மண்ணீரலோ வீங்கியவர்களுக்கும் கூடாது. குடலிறக்கம், இரைப்பை மேலேறும் ஹெர்னியா, கடுமையான எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ள வேண்டாம்.

நீங்களே செய்துபார்க்கும் மூன்று சோதனைகள்

1. பின்விலாச் சோதனை. ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருங்கள். கட்டைவிரல் முதுகுப் பக்கமும் மற்ற விரல்கள் முன்பக்கமும் இருக்குமாறு இரு கைகளையும் கடைசி விலாக்கள் மேல் வையுங்கள். மூக்கு வழியாக மெல்ல மூச்சை இழுங்கள். விலா பக்கவாட்டில் விரிந்து, கட்டைவிரலையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். வயிறு மட்டும் முன்னால் வந்து கட்டைவிரலுக்கு அசைவே தெரியாவிட்டால், பின்பகுதி சோம்பிக் கிடக்கிறது என்று கொள்ளலாம்.

2. தோள் சோதனை. கண்ணாடி முன் நின்று மூச்சை இழுங்கள். சாதாரண மூச்சிலேயே தோள்கள் ஏறி, கழுத்துத் தசைகள் புடைத்தால் மூச்சு மேலே நிற்கிறது என்று அர்த்தம்.

3. டேப் சோதனை. தையல் டேப்பை நெஞ்செலும்பின் கீழ்நுனி மட்டத்தில் உடம்பைச் சுற்றிப் பிடியுங்கள். மூச்சை முழுக்க விட்டபோது ஓர் அளவு, முழுக்க இழுத்தபோது ஓர் அளவு எடுத்து, வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். மற்றவர்களோடு ஒப்பிட வேண்டாம். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு உங்கள் அளவையே மீண்டும் பாருங்கள்.

சிகிச்சையாளர் செய்யும் முறை

கீழே உள்ளது படிப்படியான விளக்கம். இதைப் படித்துவிட்டு வீட்டில் ஒருவருக்கொருவர் செய்துபார்க்கக் கூடாது. சிகிச்சைக்குப் போகும்போது என்ன நடக்கும், எது சரியான கை, எது தவறான கை என்று நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முன்பக்க விலாத் தளர்வு. சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, வயிற்றைத் தளர்த்திக்கொள்கிறீர்கள். சிகிச்சையாளர் உங்கள் தலைமாட்டில் நின்று, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையையும் கடைசி மூன்று விரல்களையும் இரு பக்கமும் 7 முதல் 10 வரையான விலாக் குருத்தெலும்புகளின் அடிவிளிம்பில் வைக்கிறார். நீங்கள் மூச்சை இழுக்கும்போது விலா ஏறும் திசையிலேயே, தலைப்பக்கமும் சற்று வெளிப்பக்கமுமாக அவர் கை இழுத்துக்கொடுக்கிறது. மூச்சை விடும்போது, விரல்கள் விளிம்பின் உள்பக்கமாக இன்னும் கொஞ்சம் ஆழம் போகின்றன. அடுத்த மூச்சில் அந்த ஆழத்திலிருந்தே தொடர்கிறது. 10 மூச்சு முடிந்ததும் ஒரு நிமிடம் ஓய்வு. பிறகு இன்னொரு 10 மூச்சு.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் பிரேசில் ஆய்வாளர்கள் இந்த முறையைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். உதரவிதானத்தின் அசைவு அதனால் கூடியது தெரிந்தது.

கை எப்போதும் மூச்சுக்குப் பின்னால்தான் போக வேண்டும். மூச்சு விடும்போது திசுக்கள் தாமாகத் தளர்கின்றன. அப்போது மட்டுமே விரல் ஆழம் போகலாம். மூச்சை இழுக்கும்போது அழுத்தினால் வயிறு எதிர்த்து விறைக்கும். இழுத்துப்பிடிப்பது போன்ற உணர்வும் லேசான கூச்சமும் இயல்பு. கூர்மையான வலி, குமட்டல், தலைசுற்றல், மூச்சு அடைப்பது போன்ற உணர்வு வந்தால் உடனே சொல்லுங்கள்; சிகிச்சையாளர் கையை எடுத்துவிட வேண்டும்.

பக்கவாட்டு இடுப்புத் தளர்வு. வலி குறைந்த பக்கம் கீழே வருமாறு ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, இடையில் தலையணை வைக்கிறீர்கள். மேலே இருக்கும் கையைத் தலைக்கு மேல் நீட்டினால் விலாவுக்கும் இடுப்புக்கும் இடையே இடம் திறக்கும். சிகிச்சையாளர் ஒரு கையைக் கடைசி விலாக்கள் மேலும், மற்றக் கையை இடுப்பெலும்பின் விளிம்பிலும் வைத்து, ஒவ்வொரு மூச்சு விடும்போதும் இரண்டையும் மெல்ல விலக்குகிறார். பிறகு விரல் நுனிகளால் குவாட்ரேட்டஸ் லம்போரத்தின் வெளிவிளிம்பைத் தொட்டு, இறுகிய புள்ளியில் தாங்கக்கூடிய அழுத்தத்தை 30 முதல் 60 விநாடிவரை வைத்திருக்கிறார். 12ஆம் விலா முன்பக்கம் எதிலும் இணையாத எலும்பு. அதற்கு உட்புறத்தில் சிறுநீரகம் இருக்கிறது. அதனால் விலா நுனிமேல் முழங்கையை ஊன்றுவதும், குத்திக் குத்தி அழுத்துவதும் தவறு.

நீள்தசைத் தளர்வு. கடைசியாகக் குப்புறப் படுத்து, வயிற்றுக்கு அடியில் மெல்லிய தலையணை வைத்துக்கொள்கிறீர்கள். சிகிச்சையாளர் முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக உருவிவிடுகிறார். இதிலும் மூச்சு விடும்போதுதான் கை நகர வேண்டும்.

தொப்புளுக்குப் பக்கத்தில் ஆழமாக அழுத்தி சோயாஸ் தசையைத் தொடும் முறையும் உண்டு. அதன் அருகிலேயே பெருந்தமனியும் குடலும் இருப்பதால், தேர்ந்த கைகளுக்கு மட்டுமே அது உரியது. வீடியோ பார்த்துக் கற்று வயிற்றில் பந்தை வைத்துக் குப்புறப் படுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வீட்டுப் பயிற்சி

சிகிச்சைக்குப் பிறகு கிடைத்த அசைவை அன்றே பயன்படுத்த வேண்டும். இந்த நான்கையும் காலையும் மாலையும் செய்ய, ஒவ்வொரு வேளைக்கும் கால்மணி நேரம் போதும்.

1. நாற்காலிமேல் கால். தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வையுங்கள். கைகள் கீழ்விலாக்கள் மேல் இருக்கட்டும். மூக்கு வழியாக மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து ஊதுவதுபோல இரு மடங்கு நேரம் விடுங்கள். விட்டு முடிக்கும்போது விலாக்கள் உள்ளேயும் கீழேயும் இறங்குவதைக் கை உணர வேண்டும். அடுத்த மூச்சுக்கு அவசரப்படாதீர்கள். 10 மூச்சு.

2. மகராசனம். குப்புறப் படுத்து, கைகளை மடித்து அதன்மேல் நெற்றியை வையுங்கள். வயிறு தரையில் அழுந்தியிருப்பதால், மூச்சு பக்கவாட்டிலும் பின்னாலும் போக வேண்டியிருக்கும். கீழ்முதுகு மெல்ல மேலெழுந்து இறங்குவதைக் கவனியுங்கள். 10 மூச்சு. குப்புறப் படுத்தால் வலி கூடுகிறவர்கள் இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

3. பாலாசனம். மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து, முன்னால் குனிந்து கைகளை நீட்டுங்கள். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் கை நீட்டிக் குனிந்தாலும் சரி. கடைசி விலாக்களுக்குப் பின்னால் மூச்சை நிரப்புங்கள். இரு கைகளையும் வலப்பக்கம் நகர்த்தி 5 மூச்சு, இடப்பக்கம் நகர்த்தி 5 மூச்சு.

4. மூச்சோடு எழுதல். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து, விட்டுக்கொண்டே எழுந்து நில்லுங்கள். உட்காரும்போதும் அப்படியே. 10 முறை. வலி பயத்தில் மூச்சைப் பிடிக்கும் பழக்கத்தை இதுதான் உடைக்கும்.

இவற்றோடு தினமும் நடை. 10 நிமிடத்தில் தொடங்கி, முடிந்தவரை கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிகிற வேகம் போதும். மூச்சுப் பயிற்சியின்போது தலைசுற்றலோ விரல் நுனியில் மரத்துப்போவதோ வந்தால் நீங்கள் அளவுக்கு மீறி மூச்சு விடுகிறீர்கள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டுவிட்டு, பிறகு மென்மையாகத் தொடருங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

‘வயிற்றால் மூச்சு விடு’ என்ற அறிவுரையைக் கேட்டு வயிற்றை வேண்டுமென்றே முன்னால் தள்ளுகிறவர்கள் பலர். அதில் கீழ்முதுகு வளைந்து, இறுக்கம் கூடவே செய்யும். மூச்சு இடுப்பைச் சுற்றி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விரிய வேண்டும்.

மூச்சை இழுப்பதில்தான் முயற்சி வேண்டும் என்று நினைப்பது இன்னொரு தவறு. முழுதாக வெளியே போகாத மூச்சு புதிதாக உள்ளே வர இடம் விடாது. உதரவிதானம் தன் மேல்நிலைக்குத் திரும்பினால்தான் அடுத்த முறை நன்றாக இறங்க முடியும். விடுவதை நீட்டுங்கள், இழுப்பது தானே நடக்கும்.

மூன்றாவது, வலி தீரும் என்று வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் இடுப்புப் பட்டையைக் கழற்றாமல் இருப்பதும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட கீழ்முதுகு வலி வழிகாட்டுதல், இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. நோயாளிக்கு விளக்கம், உடற்பயிற்சி, மசாஜ் உள்ளிட்ட சில கைச்சிகிச்சைகள் ஆகியவற்றை அது ஏற்றுக்கொள்கிறது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

2018இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், நாள்பட்ட முதுகுவலி உள்ள 66 பேர் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு குழுவுக்கும் கைச்சிகிச்சை உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் உதரவிதான முறைகள் உண்மையாகச் செய்யப்பட்டன; மற்றக் குழுவுக்குக் கை வைத்ததோடு சரி. உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு வலியும் அன்றாட முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன. இது நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் சிறிய ஆய்வு. உதரவிதானத்தைத் தளர்த்தினால் எல்லா முதுகுவலியும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிஸ்க் விலகலையும் எலும்புத் தேய்மானத்தையும் இது சரிசெய்யாது. இறுகிய தசைக்கும் அடைபட்ட மூச்சுக்கும் உதவும். அதுவே பலருக்குப் பெரிய நிம்மதி.

பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் செல்லுங்கள். மேலே கை வைப்பதற்கு முன் உங்கள் நோய் வரலாற்றைக் கேட்கிறாரா, எங்கே தொடப்போகிறார் என்று சொல்லி உங்கள் சம்மதம் பெறுகிறாரா, வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுக்கிறாரா என்று பாருங்கள். நான்கைந்து முறை சென்றும் எந்த மாற்றமும் இல்லையென்றால் சிகிச்சையை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். பயிற்சி எதுவும் சொல்லித்தராமல் மாதக்கணக்கில் வந்து படுக்கச் சொல்லும் இடத்துக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. உங்கள் முதுகுக்கு நீண்டநாள் துணை நீங்கள் கற்றுக்கொண்டு தினமும் செய்கிற பயிற்சி மட்டுமே. அதை இன்று மாலையே தொடங்குங்கள்.